சீலன் அண்ணன் காலியாக விட்ட சுற்று

கைப்பேசியில் ‘சீலன் அண்ணன்’ என்று பெயர் விழுந்தபோது நான் கடையில் ஓர் ஆசிரியையின் மூக்குக்கண்ணாடிக் காம்பை வளைத்துக்கொண்டிருந்தேன். எடுத்த எடுப்பிலேயே, “அண்ணே, ஞாயித்துக்கிழமை அந்த மெதுவான பாட்டுல தொடங்குவமா? போன வாரம் நல்லா வந்துச்சே” என்றேன்.  மறுமுனையில் அவர் மனைவி ரெஜினா அக்காவின் குரல்: “தம்பி, நான் அக்கா பேசுறேன். தேத்தண்ணி கொண்டுபோனேன். அவரு எந்திரிக்கல தம்பி.”  கண்ணாடிக் காம்பை முறித்துவிட்டிருந்தேன். ஆசிரியை கோபிக்கவில்லை. எழுந்து வந்து, கடைக் கதவை அவரே பாதி சாத்திவிட்டுப் போனார்.

மரியசீலன் என்கிற சீலன் அண்ணனை உங்களில் சிலர் கெலிஓயாக் கோயிலில் பார்த்திருப்பீர்கள். சிலர் புகையிரதப் பகுதியில் அவரோடு எழுதுவினைஞராக வேலை செய்திருப்பீர்கள். அவர் டபுள் பேஸ் வாசிப்பவர் என்பது உங்களில் பலருக்குச் சாவு வீட்டில்தான் தெரிந்திருக்கும். ஆளை விட உயரமான வயலின் போல நிற்கும் அந்த வாத்தியம் அன்று மூலையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. யாரோ ஒரு மகராசன் அதன் கழுத்தில் ஈரக் குடையை மாட்டியிருந்தார். நான் எடுத்துக் கீழே வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் இன்னொரு குடை தொங்கியது.

வெளியே சந்தியில் கட்டியிருந்த அஞ்சலிப் பதாகையில் அவர் படத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நிற மின்கிட்டார் ஒன்றை அச்சடித்திருந்தார்கள். நாற்பது வயதுக்குப் பிறகு ஒரு தடவைகூட அவர் கிட்டாரைத் தொட்டதில்லை. ரெஜினா அக்காவிடம் சொன்னேன். அந்த அழுகைக்கு நடுவிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவரு பாத்திருந்தா, போகட்டும் விடுங்க, கிட்டாருக்காரருக்குப் பேர் கெடைக்கட்டும்னு சொல்லியிருப்பாரு” என்றார். அந்தக் கிட்டாருக்காரர் நான்தான்.

நாங்கள் மூன்று பேர். நான் கிட்டார், அலவத்துகொடை நஸீர் கிளாரினெட், சீலன் அண்ணன் பேஸ். குளத்துக்கு மேலே சரிவில் இருக்கும் ஒரு பழைய ஹோட்டலில் ஞாயிறு மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு ஜாஸ் வாசிப்போம். மைக் கிடையாது, ட்ரம்ஸ் கிடையாது. யாராவது கரண்டியைக் கீழே போட்டால் அதுவும் பாட்டோடு சேர்ந்துகொள்ளும். முதலில் மூவரும் சேர்ந்து மெட்டை வாசிப்போம். பிறகு அதே மெட்டின் நீளத்துக்கு ஒவ்வொருவராக மனம்போல் வாசிப்பார்கள். மற்ற இருவரும் பின்னணி கொடுப்பார்கள். அதைத்தான் நாங்கள் சுற்று என்போம். முதல் சுற்று நஸீருக்கு, இரண்டாவது எனக்கு, மூன்றாவது சீலன் அண்ணனுக்கு. சாப்பிட வந்தவர்கள் பெரும்பாலும் மூன்றாவது சுற்றில்தான் வெயிற்றரைக் கூப்பிட்டுக் கடைசி இனிப்பாக வட்டிலப்பம் கேட்பார்கள். பேஸ் அவ்வளவு தணிந்த குரல் கொண்ட வாத்தியம்.

அதைத் தனியாகக் கேட்க விரும்பிய ஒருவரை நான் ஒரே ஒரு தடவைதான் சந்தித்தேன். பெரஹரா ஊர்வலக் காலம். வீதியை மூடியிருந்தார்கள். நாங்கள் வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு நடந்து போனோம். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் பேஸின் உறையைச் சந்தேகமாகப் பார்த்துத் திறக்கச் சொன்னார். திறந்து காட்டினால் போதும். சீலன் அண்ணனோ அதை நடுவீதியில் நிமிர்த்தி வைத்து, ஆற அமர வாசிக்கத் தொடங்கிவிட்டார். நஸீரும் நானும் நெளிந்துகொண்டு நின்றோம். நிறுத்தியதும் பொலிஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சிங்களத்தில் “தவ டிக்கக்” என்றார், இன்னும் கொஞ்சம் என்று. வழிநெடுக அண்ணனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “என் பேஸைக் காசுக்கும் இல்லாம, சாப்பாட்டுக்கும் இல்லாம கேட்ட மொத ஆளு அவருதான் தம்பி” என்றார்.

இந்த இசையில் எல்லோருக்கும் நேர்கிற விபத்து ஒன்று உண்டு. மனம்போன போக்கில் வாசித்துக்கொண்டே போகிறவனுக்குத் திடீரென்று, பாட்டின் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரியாமல் போய்விடும். எனக்கு வாரா வாரம் நடக்கும். நஸீருக்கு எப்போதாவது. சீலன் அண்ணனுக்கு நடந்து நான் பார்த்ததில்லை. “தொலஞ்சு போனா ஓடாதீங்க தம்பி. அங்கனயே நில்லுங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்” என்பார். சொன்னபடியே, சுற்று திரும்பும் இடத்தில் ஒரு கனத்த அடிச்சுரத்தை அழுத்தித் தருவார். அதைப் பிடித்துக்கொண்டு நான் ஏறிவிடுவேன். கேட்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இடைவேளையில் விடமாட்டார். “இன்னைக்கு மாத்தளை வரைக்கும் போயிட்டு வந்தீங்க போல” என்று தொடங்கி, நான் தவறிய இடத்தை மேசையில் விரலால் தட்டித் தட்டிக் கண்டுபிடித்த பிறகுதான் தேத்தண்ணியைக் குடிப்பார். அது ஆறிப் பச்சைத் தண்ணியாகியிருக்கும்.

போன வருடம் நஸீர் மகளோடு இருக்க மெல்பேர்னுக்குப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு நாங்கள் இருவரும்தான் போனோம். மெட்டை வாசித்து முடித்ததும், முதல் சுற்று இனி எனக்குத்தானே என்று நான் தொடங்கப் போனேன். சீலன் அண்ணன் தலையை அசைத்தார், வேண்டாம் என்று. பின்னணி மட்டும் வாசித்தார். நானும் வாசித்தேன். ஒரு முழுச் சுற்று, அங்கே இல்லாத ஒருவருக்காகப் பின்னணி வாசித்தோம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தலைமை வெயிற்றர் அருகில் வந்து, கிட்டாரில் ஏதும் உடைந்துவிட்டதா என்று காதோடு கேட்டார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. இடைவேளையில், “என்ன அண்ணே இது, ஆளில்லாத கதிரைக்குப் பரிமாறின மாதிரி” என்றேன். அவர் ஆத்திரப்படவில்லை. “அது நஸீர் தம்பியோட எடம். அவரு வர முடியல, அவ்வளவுதான். அதுக்காக நாம போயி உக்காந்துக்கலாமா?” என்றார். அன்றிலிருந்து எல்லாப் பாட்டிலும் முதல் சுற்று காலிதான். சில வாரங்களில் எனக்கும் அது பழகிவிட்டது. பழகியது மட்டுமல்ல, அந்தக் காலிச் சுற்றில் நஸீர் என்ன வாசிப்பார், எங்கே மூச்செடுப்பார் என்றெல்லாம் கேட்கத் தொடங்கியது. நான் அண்ணனைப் பார்ப்பேன். அவரும் அதையேதான் கேட்டுக்கொண்டிருப்பார். சில நேரம் ஒரே இடத்தில் இருவருக்கும் சிரிப்பு வரும்.

நஸீருக்கு இதைத் தொலைபேசியில் சொன்னபோது அவர் சத்தம் போட்டார். “நான் இன்னம் மவுத்தாகல்ல மச்சான்! என்னத்துக்கு இப்பவே எனக்கு எடம் விட்டு வெக்கிறீங்க?” என்றார்.  பிறகு, எந்தெந்தப் பாட்டுக்கெல்லாம் விடுகிறோம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்.

அடக்கத்தன்று என்னை வாசிக்கச் சொன்னார்கள். பங்குச் சுவாமியும் சரி என்றார். நான் மறுத்துவிட்டேன். தனியாக வாசித்துப் பழக்கமில்லை என்று சொன்னேன். அது உண்மைதான். முழு உண்மை, எனக்குப் பயம். பக்கத்தில் அந்தக் கனத்த சுரம் இல்லாமல் நான் ஒரு பாட்டை முடிப்பேனா என்ற பயம். மனைவி இறந்த பிறகு வாரத்தில் ஆறு நாளும் கடையும் சமையலும் தூக்கமுமாகப் போகிறவனுக்கு அந்த ஞாயிறு மதியம் ஒன்றுதான் இருந்தது. அதுவும் இனி உண்டா என்பதே என் கேள்வியாகிவிட்டது.

ஹோட்டல் மெனேஜர் தன்மையான மனிதர். கீபோர்ட் வாசிக்கிற ஒருவர் இருக்கிறார், பேஸ், ட்ரம்ஸ் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறதாம், அவரை அனுப்பட்டுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்று மாலை நஸீர் கைப்பேசித் திரையில் வந்தார். கண் வீங்கியிருந்தது. “இனி அவர்ட சுத்தையும் சும்மா விடப் போறியா?” என்றார். ஓம் என்றேன். “என்ட சுத்தும் காலி, அவர்ட சுத்தும் காலி. அப்ப நீ யாரோட மச்சான் வாசிக்கப் போற?” என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிறு நான் கிட்டாரோடு தனியாகப் போனேன். மழைத் தூறல், கூட்டம் குறைவு. அந்த மெதுவான பாட்டையே எடுத்தேன். மெட்டு சரியாக வந்தது. நஸீரின் சுற்றைக் காலியாக விட்டேன், எப்படியோ கடந்துவிட்டேன். என் சுற்றை வாசித்தேன். பிறகு அண்ணனின் சுற்று. பேஸும் இல்லாமல், கிளாரினெட்டும் இல்லாமல், நான் மட்டும் மெல்லிதாகப் பின்னணியைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாசிப்பதைக் கேட்க முயன்றேன். நஸீரைக் கேட்டது போல அவரைக் கேட்க முடியவில்லை. நஸீரைக் கேட்டபோது என்னோடு சேர்ந்து கேட்க ஒருவர் இருந்தார். ஒருவரின் காலி இடத்தைக் காத்து நிற்க இரண்டு பேராவது வேண்டும் என்பது எனக்கு அந்தக் கதிரையில்தான் விளங்கியது.

அப்போதுதான் தவறிவிட்டேன். சுற்றின் நடுவில் நிற்கிறேனா, கடைசியிலா என்று தெரியவில்லை. விரல் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. காத்திருந்தேன். எதற்காகக் காத்திருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது. குத்துமதிப்பாக ஓர் இடத்தில் மெட்டுக்குத் திரும்பி, பாட்டை முடித்தேன்.

கைதட்டினார்கள். வழக்கத்தைவிட நன்றாகவே தட்டினார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். தலைமை வெயிற்றர், “இன்னைக்கு ரொம்ப அருமை சேர்” என்றார். பாட்டு எங்கோ அறுந்து தொங்கியதை அந்த மண்டபத்தில் ஒரு காதுகூடக் கேட்கவில்லை. யாராவது ஒருவர் முகத்தைச் சுளித்திருந்தால் அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன். கை கழுவும் இடத்துக்குப் போய், குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். மனைவி இறந்த வருடத்தில்கூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

மெனேஜரிடம் கீபோர்ட்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன், தனியாகத்தான். ரெஜினா அக்கா பேஸைக் கோயில் பாடகர் குழுவுக்குக் கொடுத்துவிட்டார். நல்ல காரியம். அவருடைய பொறுமை, பகிடி, யாரையும் மரியாதை குறைத்துப் பேசாத வாய், இவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் ஒவ்வொருவரிடமும் இருக்கும், வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டது தவறிய இடத்தைத் தேடும் அவர் பழக்கத்தை. கடை சாத்திவிட்டு வந்து, தனியாகப் போன அந்த முதல் ஞாயிறு வாசித்ததை மேசையில் விரலால் தட்டிப் பார்க்கிறேன். முதலிலிருந்து தட்டுகிறேன், கடைசியிலிருந்து தட்டுகிறேன். எங்கே தவறினேன் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.