பச்சையம்மாவின் நாலரை மாதம்

தாம்பரம் ஸ்டேஷனில் நான் குடையைத் தூக்கிக் காட்டினால் மின்சார ரயில் நின்றுவிடும். கொஞ்சம் மிகைதான், குடை இல்லாமலும் அது அங்கே நிற்கும். ஆனால் 1991-இல் முடிச்சூர் பச்சையம்மாவை அந்த ரயிலில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது நான்தான்.

எங்கள் காலனிக்குக் கீரை கொண்டுவருகிறவள் அவள். மாமனார் நிலத்தை மனை போட்டு விற்ற பிறகும், வீடு எழும்பாத மனைகளில் எல்லைக் கற்களுக்கு நடுவே பாத்தி கட்டி அரைக்கீரை விதைப்பாள். வீடு கட்ட வந்த என்ஜினீயர் ஒருவர், கீரை வளரட்டும் என்று அவள் கேட்டதற்காக மூன்று வருடம் பொறுத்தார். சரி, மூன்று வாரம்.

அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. தேதி இல்லாத நாளிலும் ரத்தம் படுகிறது என்று ஒரு காலையில் கீரைக்கட்டை எண்ணியபடியே முணுமுணுத்தாள். மறுநாள் ரயிலேறினோம்.

கர்ப்பப்பை வாயில் புற்றுநோய், இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றார் டாக்டர். பச்சையம்மா ஒன்றுதான் கேட்டாள்.

“பைய எடுத்துடுவீங்களா டாக்டரம்மா?”

“சாதாரணமா எடுத்துடுவோம். உனக்கு ரொம்ப ஆரம்பம். அந்த வாயில மட்டும் கூம்பு மாதிரி வெட்டி எடுத்து டெஸ்ட் பண்றேன். ஓரமெல்லாம் சுத்தமா இருந்தா பையை விட்டுடலாம்.”

“கத்திரிக்கா காம்பாண்ட புழு இருந்தா, அத்த மட்டும் குடைஞ்சிட்டு மீதிய கொழம்புல போடுவோமே, அப்டியா?”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்படியேதான். புழு உள்ள போயிருந்தா முழுசும் போயிடும்.”

வெட்டினார்கள். பத்து நாள் கழித்து முடிவு வந்தது. ஓரங்கள் சுத்தம். திரும்பும் வழியெல்லாம் பச்சையம்மா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியனுப்பியிருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு வர வேண்டும். வெட்டிய இடம் வலுவில்லாமல் இருக்கும்; கர்ப்பமானால் உடனே வர வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் மூட்டையின் வாயைக் கட்டுவது போல ஒரு தையல் போடாவிட்டால் குழந்தை தங்காது.

இரண்டாம் வருடம் அவள் கர்ப்பமானாள். எனக்குத் தெரியாது. அவர்கள் வீட்டில் ஐந்து மாதம் நிறையும்வரை வெளியே மூச்சுவிட மாட்டார்கள், கண் பட்டுவிடும். மாமியார் தாயாரம்மாள் மருமகளின் வாயைக் கட்டிப்போட்டாள். சோதனை நாளன்று நான் போய்க் கூப்பிட்டபோது, “இன்னிக்கி ஜுரம் டீச்சர்” என்றாள் பச்சையம்மா. அடுத்த வாரம், “வூட்ல விசேசம் கீது.” நானும் நம்பினேன்.

ஐந்து நிறைய பதினோரு நாள் இருந்தது. பாத்தியில் குந்திக் கீரை பிடுங்கிக்கொண்டிருந்தவளுக்கு வலியே இல்லாமல் பனிக்குடம் உடைந்தது. புருஷன் சிட்டிபாபு ஆட்டோவில் போட்டுத் தாம்பரத்துக்குக் கொண்டுபோனான். பெண் குழந்தை, உயிர் இல்லை. அவனுடைய உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. தோளில் கிடந்த துண்டில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன், எந்தப் பக்கம் போவது என்று, சேதி கேட்டு வந்திருந்த என்னைக் கேட்டான்.

அதன்பிறகு பச்சையம்மா ஒரு சோதனையும் தவறவிட்டதில்லை. நோய் திரும்பவில்லை. அவள் மறுபடி கர்ப்பமாகவும் இல்லை.

இதுவரை எழுதியதை நேற்று அவளுக்குப் படித்துக் காட்டினேன். மாமியார் பேச்சு வந்த இடத்தில் முகம் சுளித்தவள், முடிக்கிறவரை பொறுத்திருந்து சொன்னாள்:

“அத்தைய எழுதாதீங்க டீச்சர். ‘ஊருக்குத்தான் சொல்லக்கூடாது, டாக்டரம்மாகிட்ட போய்ச் சொல்லுடி’ன்னு அது தெனம் சொல்லிக்கினுதான் இருந்துச்சி. நான்தான் போவல. அங்க போனா நான் சீக்காளி. வூட்ல கம்முனு இருந்தா புள்ளத்தாச்சி. நாலரை மாசம் புள்ளத்தாச்சியா இருந்தேன், அத எழுதுங்க.”