ஃபிலோ அக்கா பிடுங்கிய வயர்

நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் அலுவலகத்தில் நிறைய பேர் இருக்கிறார்கள். கூட்டத்தில் வாய் திறக்காதவள் எழுத மட்டும் வந்துவிட்டாளே என்று நினைக்காதீர்கள். மன்னியுங்கள்.

பொம்மனஹள்ளி சிக்னலில் பஸ் நின்றிருந்தபோது செய்தி வந்தது. ஃபிலோமினா அக்காவுக்கு மாரடைப்பு, போய்விட்டார். முந்தைய மாலை அவர் அனுப்பிய குரல் பதிவை நான் அதுவரை கேட்கவில்லை. கேட்டேன். "ஏய், நாளைக்கு எலுமிச்ச சாதம் எடுத்துட்டு வா. ஊறுகா என் டேபிள்ல இருக்கு." முதலில் சிரித்தேன். அப்புறம்தான் அழுகை வந்தது.

ஆலையை மேற்பார்வையிடும் மென்பொருள் ஒரே கணினியில் இருந்தால், அது நின்றதும் ஆலைக்கே கண் போய்விடும். அதனால் அதைத் துண்டுகளாக்கி, இயந்திரங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கன்ட்ரோலர் பெட்டிகளில் பரப்பி வைக்கிறோம். ஒரு பெட்டி நின்றால் அதன் வேலையை இன்னொன்று எடுத்துக்கொள்ளும். இதை விளக்க நாம் படம் வரைவோம். அக்கா நேராகப் போய், ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியின் வயரைப் பிடுங்குவார்.

ஒரு பிஸ்கட் ஆலை மேலாளர் அலறிவிட்டார். "என்னம்மா பண்றீங்க!"

"நான் பிடுங்கலேன்னா ஒரு நாள் எலி பிடுங்கும் சார். எலி உங்களைக் கேட்டுட்டா பிடுங்கும்?"

திரையில் எண்கள் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. மேலாளருக்கும் ஒன்றைப் பிடுங்கிப் பார்க்க ஆசை வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். நான் தப்பாகச் சொன்னால் மொத்த வீடும் தப்பாகிவிடும் என்று ஒரு பயம். அதனால் என் யோசனைகள் எல்லாம் அக்காவின் வாய் வழியாகத்தான் வெளியே வந்தன. பெங்களூரு மர்பி டவுனில் வளர்ந்த குரல் அவருடையது. மெல்லப் பேசவே வராது.

பால் பண்ணைக்கான சோதனையை நம் ஆய்வுக்கூடத்தில் நடத்தியபோது, அவர் வயரைப் பிடுங்கியதும் திரை இருண்டது. ஒரு துண்டையும் அதற்கு மாற்றாக வைத்த துண்டையும் ஒரே பெட்டியில் ஏற்றியிருந்தோம். அதைக் கவனித்து அக்காவின் காதில் சொன்னேன்.

"அடப்பாவிங்களா! பீரோ சாவியையும் மாத்துச் சாவியையும் ஒரே கொத்துல கோத்து, கொத்தையே தொலைச்சிருக்கீங்க!" கூடமே சிரித்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். "கண்டுபிடிச்சது நீ. என் காதுல மட்டும் ஏன் சொல்றே? நாளைக்கு நான் லீவு போட்டா?"

"பயமா இருக்குக்கா."

"ஸ்வல்ப, கொஞ்சம் பயம் இருக்கட்டும். சத்தமா பயப்படு."

திருத்திய பிறகு அவரே மறுபடி பிடுங்கினார். எல்லாம் ஓடியது.

அந்த ஊறுகாய் பாட்டில் இப்போது என் மேசையில் இருக்கிறது. "சத்தமா பயப்படு" என்ற சொல்லும் என்னிடம்தான் இருக்கிறது.

ரகு சார், நம் குழுவின் தலைவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். அடுத்த வாரம் பால் பண்ணையில் மென்பொருளை ஒப்படைக்கும்போது, அக்கா இல்லாததால் வயர் பிடுங்க வேண்டாம், படம் காட்டினால் போதும் என்று முடிவாகியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். பிடுங்க வேண்டும் சார். என்னைப் பிடுங்க விடுங்கள். பண்ணை மேலாளர் அலறினால், எலிக் கதையை நானே சொல்கிறேன்.