எறும்புக்கு ஊற்றிய கஞ்சி

அப்போது சிங்கப்பூரில் பஃபலோ ரோட்டுக்குப் பின்னால் தகர வீட்டில் இருந்தோம். ஒன்பது மாத மகளை வாசலில் பாய்போட்டு உட்கார வைத்துவிட்டுத் துணி காயப்போட்டேன். வீறிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டு காலிலும் நெருப்பெறும்பு. மறுநாள் கடித்த இடமெல்லாம் சீழ்க்கொப்புளம்.

“உங்க வம்சத்தையே கருவறுக்காம விடமாட்டேன்” என்று வேலியோரப் புற்றைப் பார்த்துக் கத்தினேன்.

தினமும் சோறு வடித்ததும் கொதிக்கிற கஞ்சியை அப்படியே தூக்கிப் போய்ப் புற்றில் ஊற்றுவேன். அவை சுருண்டு சாவதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். ஆனால் ஒரே வாரத்தில் ஒரு புற்று மூன்றாகிவிட்டது.

வழக்கமாக அந்தக் கஞ்சி பக்கத்துக் கொட்டகைப் பால்கார அக்காவின் மாட்டுக்குப் போகும். மகளுக்கு அந்த மாட்டுப் பால்தான். எட்டாம் நாள் வாளியோடு அவரே வந்துவிட்டார்.

“என்னம்மா, ஒரு வாரமா மாட்டுக்குக் கஞ்சியே வரலையே?”

பெருமையாகப் புற்றைக் காட்டினேன். காய்ந்த கஞ்சி ஆடையை எறும்புகள் பிய்த்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன.

“மேல நாலு சாவுது, மிச்சத்துக்கு நீதான் சோறு போடுற லா! வெறுந்தண்ணிய கொதிக்க வச்சு, காலை இளவெயில்ல ஊத்து. அப்பதான் எல்லாம் மேல வந்து கிடக்கும்.”

நான்கு நாள் காலையில், நாளைக்கு மூன்று பானை வெந்நீர் ஊற்றினேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அவற்றைக் கொன்றதற்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை. உறுத்துவது அந்த ஒரு வாரம்தான். என் பிள்ளையைக் கடித்த எறும்புக்குச் சோறு போட்டேன். அவளுக்குப் பால் கொடுத்த மாட்டைப் பட்டினி போட்டேன்.