வெண்டல் நெளித்த மட்கார்டு

டேட்டன் நகரில் முப்பது வருடமாகப் பழைய கார்களைப் பழுதுபார்க்கும் லோர்னாவுக்கு, குனிந்து பார்க்காமல் சுத்தியலைத் தூக்குகிறவர்களைக் கண்டாலே ஆகாது. பக்கத்துத் தெரு வெண்டல் தன் பழைய காருக்கு அகலமான சக்கரங்கள் மாட்டியிருந்தான். திரும்பும்போதெல்லாம் டயர் எதிலோ உரசியதால் மட்கார்டை அடித்து வெளிப்பக்கம் நெளித்துவிட்டான். அப்படியும் உரசல் நிற்கவில்லை.

லோர்னா டயரின் இரு பக்கமும் சாக்பீஸைத் தேய்த்து, ஓட்டிவரச் சொன்னாள். உள்பக்கத்தில் மட்டும் அழிந்திருந்தது.

"உரசுறது உள்ள, நீ அடிச்சது வெளிய. கண்ண எங்கடா வச்சிருந்த?"

சக்கரம் சற்று வெளியே தள்ளி நிற்கும்படி அதன் பின்னால் அரையங்குல வளையம் ஒன்றை வைத்து முடுக்கினாள். உரசல் நின்றது.

"அப்படியே மட்கார்டையும் நிமித்திக் குடுங்கக்கா," என்றான் வெண்டல்.

"அது கெடக்கட்டும். உன் மூளை எவ்வளவுன்னு ஊரே பாக்கட்டும்."