நூறு வாட் என்று படித்தவள்

வீட்டில் இங்கிலீஷ் படித்தவள் நான் ஒருத்திதான். கரண்ட் பில் முதல் அரசாங்கக் கடிதம் வரை எல்லாவற்றையும் படித்துச் சொல்லும் பதவி பத்து வயதிலேயே கிடைத்துவிட்டது. தலைக்கனமும் கூடவே வந்தது. தெரியாத சொல் வந்தால் தாண்டிப் போய்விடுவேன். கேட்க யார் இருக்கிறார்கள்?

அறுபதுகளின் கடைசி. வெள்ளைக்காரர்கள் சிங்கப்பூரில் கடற்படைத் தளத்தைக் காலி செய்யப் போவதாக ஆட்களைக் குறைத்ததில், அம்மாவின் தம்பிக்கு, என் மாமாவுக்கு, வேலை போயிற்று. அவருக்குக் குடியுரிமை கிடையாது. வேறு வேலையும் பெர்மிட்டும் கிடைக்காவிட்டால் ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான். சிராங்கூன் ரோட்டில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் முதலாளி ஒருவர், டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் ஒன்று செய்து கொண்டுவா, ஒரு கல்யாணத்தில் ஒழுங்காக ஓடினால் வேலை உனக்கு என்றார்.

வால்வு ரேடியோ மாமாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. டிரான்சிஸ்டர் புதுசு. கடையில் அதோடு கொடுத்த விவரத்தாளை என்னிடம் நீட்டி, எவ்வளவு சக்தி தாங்கும் என்று பார்க்கச் சொன்னார். கீழே தோழிகள் ஐந்தாங்கல்லோடு காத்திருந்தார்கள். பெரிய எழுத்தில் இருந்ததைப் படித்தேன். நூறு வாட்.

“கீழ பொடியா என்னமோ போட்டிருக்கே, அது என்னம்மா?”

“அது ஒண்ணுமில்ல மாமா. கம்பெனி அட்ரஸ்.”

நூறு தாங்குவதற்கு இந்த ஆம்ப்ளிஃபயரின் நாற்பது வாட் எம்மாத்திரம் என்று, சூட்டை வாங்கிக்கொள்ள வைக்கும் அலுமினியத் தகட்டை உள்ளங்கை அகலத்துக்கே வெட்டி அதில் அதைப் பொருத்தினார் மாமா.

கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்து ஒலிபெருக்கி கரகரத்து நின்றது. பெட்டியிலிருந்து புகை வந்தது. அபசகுனம் என்று பெண் வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். முதலாளி அத்தனை பேர் முன்னாலும் மாமாவை ஏசி, வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் மாமா அந்தத் தாளோடு கடைக்குப் போய்வந்தார். பொடி எழுத்துக்குக் கீழே கடைக்காரர் பென்சிலால் கோடு போட்டிருந்தார். நான் அட்ரஸ் என்று சொன்ன அதே வரி. மாமா தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பல வருஷம் கழித்து, ஃபேக்டரியில் டிரான்சிஸ்டர் சோதிக்கும் வேலைக்குப் போனபோதுதான் அந்த வரி எனக்குப் புரிந்தது. நூறு வாட் என்பது அதன் உறை இருபத்தைந்து டிகிரியில் இருக்கும்வரைதான். சூடு ஏற ஏற, தாங்கும் அளவு குறைந்துகொண்டே போகும். சிங்கப்பூரில் நிழலே அதைவிடச் சுடும். பெரிய தகடாக வைத்திருந்தால் பிழைத்திருக்கும். பாவி நான், அந்த ஒரு வரியை எழுத்துக்கூட்டியாவது படித்திருக்கலாம்.

ஆனால் அன்று, மாமா ஊருக்குக் கப்பலேறிய நாளில், துறைமுகத்தில் அம்மா அழுதுகொண்டே அவரிடம் கேட்டாள்.

“யாராச்சும் தப்பா சொல்லிக் குடுத்தாங்களாடா?”

“இல்லக்கா. நான்தான் சரியா பாக்கல.”

மாமாவே ஒத்துக்கொண்டுவிட்டாரே, அப்படியானால் தப்பு அவருடையதுதான் என்று எனக்கு அப்பாடா என்றிருந்தது. கப்பல் மறையும்வரை சந்தோஷமாகக் கையசைத்துக்கொண்டிருந்தேன்.