கும்பகோணம் போய்ச் சேரும் நேரம்

"நாளைக்கு ஒரு மணிக்கெல்லாம் வாசல்ல நிப்பா, கோபு. அதுவரைக்கும் எடுத்துடாதீங்கோ" என்று சொல்லி ரிசீவரை வைத்த பட்டாபி, எதிரே நின்ற வசந்தியிடம் திரும்பினார். "நீ போய்ச் சேர நாலு ஆயிடும். வழியில பரபரக்காதே."

வசந்தி மாடி வீட்டுக்காரி. கும்பகோணத்தில் அன்று மத்தியானம் அவள் அம்மா போய்விட்டாள். மறுநாள் பதினோரு மணிக்கு எடுப்பதாகத் தம்பி கோபு சொல்லியிருந்தான். கொள்ளி போடப் பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது, பெண்ணுக்காக யாரும் நேரத்தைத் தள்ளுவதில்லை.

"முகத்தைப் பாத்துடுவேனா, மாமா?"

"பாத்துடுவே."

ஊரில் சாவு என்றால் கல்கத்தா லேக் மார்க்கெட் தமிழர்கள் பட்டாபி வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கிடர்பூர் துறைமுகத்தில், கப்பல் எப்போது கரைக்கு வரும் என்று காத்திருக்கும் ஏஜெண்டுகளுக்கு நேரம் சொல்வது அவர் உத்தியோகம். அதில் படிந்த வழக்கம் இது. "போறவாளுக்குக் கூட்டிச் சொல்லணும். காத்திண்டிருக்கறவாளுக்குக் கொறைச்சுச் சொல்லணும். ஒரு மணிவரை உக்காந்தவன் நாலு வரைக்கும் உக்காருவான். மொதல்லயே நாலுன்னா எழுந்து போயிடுவான்."

குரங்குக் குல்லாவை மார்ச் வரை கழற்ற மாட்டார். விமானத்தில் ஏறியதே இல்லை. மெட்ராஸ் இரண்டு மணி நேரம்தானே என்று யாராவது சொன்னால் சலித்துக்கொள்வார். "அது ஏரோப்ளேனுக்கு. மனுஷா தம்தம் போகணும். மீனம்பாக்கத்துல பெட்டி வரணும். டாக்ஸிக்காரன் விக்கிரவாண்டில டிபன் சாப்பிடணும்."

"யார் செத்தாலும் பொய் சொல்ற பாக்கியம் ஒங்களுக்குத்தான்" என்பாள் மனைவி ராஜம்.

"பொய் இல்லேடி. எக்ஸ்பெக்டட் டைம்."

மறுநாள் தம்தம் விமான நிலையத்தில் மூடுபனி. ஆறு மணி விமானம் ஒன்பதுக்குக் கிளம்பியது. உச்சிவேளையில் பட்டாபி ஆபீஸிலிருந்து கோபுவை அழைத்து, "விழுப்புரம் பூத்லேந்து பேசினா" என்றார். அப்போது வசந்தியின் டாக்ஸி பல்லாவரத்தைக்கூடத் தாண்டவில்லை. மூன்று மணிக்கு மீண்டும் அழைத்தார்.

"மாமா, சாஸ்திரிகள் சூரியனைப் பாத்துண்டே இருக்கார். நெஜத்தைச் சொல்லுங்கோ. எங்க இருக்கா?"

"சேத்தியாத்தோப்பு. இன்னும் ஒரு மணி நேரம்."

கோபு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தான். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை. வசந்தி விளக்கு வைத்த பிறகு போய்ச் சேர்ந்தாள். கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

அன்றிரவு அவள் போனில் சொன்னதும், கணவன் ஸ்ரீநாத் மாடியிலிருந்து இறங்கி வந்து இதைச் சொல்லிவிட்டுப் போனான். பட்டாபி குல்லாவைக் கழற்றி வைத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

"நமக்கென்ன உறவா, தீட்டா? எத்தனை சாவு கேட்டிருக்கேள், ஒருநாள் முழுகினதுண்டா?" என்று ராஜம் பின்னாலேயே வந்தாள். "இருங்கோ, வெந்நீராவது வெக்கறேன்."

அவர் வாளியைத் தூக்கி அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டார்.