அத்தான் வெட்டிக் கொடுத்த வெள்ளை மடல்

என் அக்காவின் கணவர் பெயின்டர். பிடிவாதத்தில் அத்தானை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. யாராவது சும்மா "வெள்ளை பெயின்ட்" என்று சொல்லிவிட்டால் போதும், எந்த வெள்ளை என்று பிடித்துக்கொள்வார். பால் வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை, முட்டை ஓட்டு வெள்ளை என்று அவர் அடுக்க ஆரம்பித்தால் நான் நைசாக நழுவிவிடுவேன். சத்தியமாக எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும்.

இப்படிப்பட்ட ஆளின் கையில் வெள்ளை போட்ட சப்பாத்திக்கள்ளி கிடைத்தால் கேட்கவா வேண்டும்? வேலைக்குப் போன வீட்டில், சுவரோரம் இடைஞ்சலாக நின்ற செடியிலிருந்து ஒரு மடலை ஒடித்துக் கொடுத்தார்கள். சாதாரணக் கள்ளிதான், ஆனால் பிரஷ்ஷை உதறிய மாதிரி பச்சையில் வெள்ளைத் திட்டுகள். அத்தான் காலி பெயின்ட் வாளியின் அடியில் ஓட்டை போட்டு, மணலும் செங்கல் பொடியும் கலந்து மொட்டை மாடியில் வைத்தார். தண்ணீரை மருந்து மாதிரி அளந்துதான் ஊற்றுவார். பாவமாக இருக்கிறதே என்று அக்கா ஒரு நாள் கூடுதலாக ஒரு குவளை ஊற்றிவிட்டாள். அதற்கே இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் செடியில் பெரிய முள்ளைவிடப் பொடிமுள்தான் மோசம். கண்ணுக்கே தெரியாது, விரலில் ஏறினால் நாள் பூரா குறுகுறுக்கும். அத்தான் அதற்கு, பெயின்ட் அடிக்கும்போது ஓரத்தில் ஒட்டுகிற மாஸ்கிங் டேப் வைத்திருந்தார். ஒட்டி வெடுக்கென்று இழுத்தால் முள் டேப்போடு வந்துவிடும். என் விரலில் அவர் இழுத்தபோது முள்ளோடு ரோமமும் வந்தது.

செடி வளர வளரச் சில மடல்கள் முழுப் பச்சையாகக் கிளம்பும். அவற்றுக்கு வேகம் அதிகம். விட்டுவைத்தால் செடி முழுக்கப் பச்சையாகிவிடும், வெட்டத்தான் வேண்டும். அத்தானுக்கு அதைச் சொல்லவே தேவையில்லை. சுவரின் பள்ளம் மேட்டை நிரவப் பட்டி பார்க்கிற தகட்டைத் தீட்டி வைத்துக்கொண்டு, முழுப் பச்சை தலைகாட்டினால் ஒரே வெட்டு. ஒரு நாள் உச்சியில் ஒரு மடல் முழு வெள்ளையாக வந்தது. துளிப் பச்சை கிடையாது, ஓரத்தில் மட்டும் லேசாக ரோஸ். அதைப் பார்க்க, என் சைக்கிள் கடையில் இருந்த என்னை ஃபோன் போட்டு வரவழைத்தார். வியாபார நேரத்தில் இழுத்துவிட்டாரே என்று எரிச்சலோடு போனேன். அழகாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

அத்தானுக்கு ஒரே மகள். ஆஸ்பத்திரியில் பில் போடுகிறாள். அவளும் கணவனும் வீடு வாங்கியபோது, வேறு யாரையும் கிட்டே விடாமல் அத்தான் ஒற்றை ஆளாக உள்ளும் புறமும் வெள்ளை அடித்துக் கொடுத்தார். மகளுக்கு அவர் கொடுத்த பரிசு அது. சில மாதம் கழித்து அந்தத் தெரு வழியாகப் பஸ்ஸில் போனவர், வீடு வெளிர் நீலத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டார். வேறொரு பெயின்டர் கை வைத்திருக்கிறான். அதோடு சரி, மூன்று வருஷமாக அந்த வாசலை அவர் மிதிக்கவில்லை. அவள் வந்தால் வேலை இருக்கிறதென்று கிளம்பிவிடுவார். அவளும் வருவதை விட்டுவிட்டாள்.

"நாள் பூரா ஆஸ்பத்திரியில வெள்ளைச் சுவரையே பார்க்கறேன் மாமா. வீட்டுக்கு வந்தாலும் வேலையிலயே இருக்கற மாதிரி இருந்துச்சு" என்று என்னிடம் சொன்னாள். நியாயம்தானே? அத்தானிடம் அப்படியே ஒப்பித்தேன். மனிதர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

இந்த நிலையில்தான் அக்கா செடியைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். அப்பாகிட்ட எனக்கு ஒரு மடல் கேளும்மா என்று பதில் வந்தது. மூன்று வருஷத்தில் அவள் அப்பாவிடம் கேட்ட முதல் பொருள். அத்தான் மாடிக்குப் போனார். இறங்கி வந்தபோது அவர் கையில் அந்த முழு வெள்ளை மடல். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதன் பிறகு அக்காவின் ஃபோன் அடித்தால் போதும், அத்தான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். மகள் எல்லாக் கதையும் பேசுவாள், மடலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் வலிக்குமா என்று என்னிடம் வந்து பொருமினார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் கிளம்பிப் போய்விடத் தயாராக இருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

மணல் வாங்கப் போன நர்சரியில்தான் தலையில் இடி விழுந்தது. கடைக்கார அம்மாவிடம் வெள்ளை மடலைப் பற்றிப் பெருமையடித்திருக்கிறார். பச்சை இருந்தால்தான் செடி தனக்கு வேண்டிய சாப்பாட்டைச் செய்துகொள்ளும் என்று அந்த அம்மா சொன்னாராம். முழு வெள்ளை மடல் தாய்ச்செடியின் தயவில்தான் வாழும். தனியாக வெட்டி நட்டால், உள்ளே இருப்பதைத் தின்றுகொண்டு கொஞ்ச நாள் நிற்கும், அப்புறம் சுருங்கிச் செத்துவிடும்.

மறுநாள் காலையில் பேயறைந்த முகத்தோடு என் கடைக்கு வந்தார். பச்சையும் வெள்ளையும் கலந்த மடல் ஒன்றை வெட்டிச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார். "இதைக் கொண்டுபோய் மாத்தி வச்சுட்டு வந்துடு மச்சான். அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. வெள்ளை மடல் இருந்த இடத்தில் திட்டுத் திட்டாக ஒன்று நின்றால் அவளுக்குத் தெரியாதா, உங்கள் வீட்டுக்கு நான் என்ன தபால்காரனா என்று கத்திவிட்டேன். ஷட்டரை இறக்கி, அவரைக் கையைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றினேன்.

வீட்டு வாசலில் நீலச் சுவரைப் பார்த்து என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்குப் பயம். ஜன்னல் ஓரத்தைத் தடவிப் பார்த்து, பட்டியே சரியாகப் பார்க்கவில்லை என்று முணுமுணுத்ததோடு விட்டுவிட்டார். கதவைத் திறந்த மகள் அப்பாவைக் கண்டு அப்படியே நின்றாள். பிறகு உள்ளே கூப்பிட்டாள். அவர் பொட்டலத்தைப் பிரித்து, அந்த மடல் பிழைக்காதாம், இதை வைத்துக்கொள் என்று மென்று விழுங்கினார்.

அவள் உள்ளே போய் ஒரு தொட்டியைத் தூக்கி வந்தாள். வெள்ளை மடல் தோல் சுருங்கி, அடிப்பக்கம் பழுத்து, ஒரு குச்சியில் சாய்ந்து நின்றது.

"இது பிழைக்காதுன்னு என்கூட வேலை பார்க்கற ஒரு அக்கா அப்பவே சொல்லிட்டாங்க" என்றாள். "உங்களுக்கா தெரியாம இருக்கும்? தெரிஞ்சேதான் கோபத்துல குடுத்து விட்டிருக்கீங்கன்னு நினைச்சேன். இருந்தாலும் தூக்கிப் போட மனசு வரலப்பா."

அத்தான் என்னைப் பார்த்தார். நீங்களே சொல்லுங்கள் என்று அவள் பக்கம் தலையை அசைத்தேன்.

"செடியிலயே அதுதாம்மா நல்லா இருந்துச்சு" என்றார். "உனக்கு வேற எதைக் குடுப்பேன்?"

அவள் அழுதுவிட்டாள். இவர் மேல் இத்தனை நாள் எரிந்து விழுந்தோமே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புது மடலை நீங்களே நட்டுவிட்டுப் போங்கள் என்றாள். உடனே அத்தானுக்குப் பேச்சு வந்துவிட்டது. இன்றைக்கு நடக் கூடாது, வெட்டின இடம் ஈரமாக இருக்கிறது, மண்ணில் வைத்தால் அழுகிவிடும், பத்து நாள் நிழலில் கிடந்து காயட்டும் என்று விளக்க ஆரம்பித்தார்.

"அப்ப பத்து நாள் இங்கேயே இருங்க" என்றாள் மகள்.

அவர் மடலை வைக்க வீட்டில் நிழலான இடம் தேட ஆரம்பித்தார். நான் வெளியே வந்து அக்காவுக்கு ஃபோன் போட்டு, அவருக்கு நாலு சட்டை எடுத்து வைக்கச் சொன்னேன்.